ரெட்டைப் பிள்ளைக்காரியின் முதுகு

இடது தோள்பட்டை எலும்புக்கும் நடுமுதுகுக்கும் இடையில், ஒரு கட்டைவிரல் வைக்கிற இடம், அவ்வளவுதான், அங்கேதான் இன்றைக்கும் இருக்கிறது. காலையில் நான் கண் விழிக்கும் முன்பே அது விழித்துவிட்டது, பல் தேய்க்கையில் கூடவே வந்தது, தோசை சுடுகையில் அடுப்படியில் என்னோடு நின்றது, இப்போது குழிக்கரண்டியில் விளக்கெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டிருக்கும்போதும் நிற்கிறது, இந்த வீட்டில் என்னை விட்டு நகராத ஒரே ஆள் அதுதான். எண்ணெய் எனக்கில்லை. எனக்கு யார் தேய்ப்பார்கள். எண்ணெய் ஆவுடை மதினிக்கு, என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, ராத்திரி தலையணை ஒத்துக்கொள்ளாமல் கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டதாம், டவுனிலிருந்து ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டை வரைக்கும் வந்து, கூடத்தில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்கிறவள் மாதிரி. நாளைக்குப் பேத்திக்குச் சடங்கு, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால் கழுத்தைக் கோணிக்கொண்டு எப்படி ஆலத்தி எடுப்பாள், பாவம்தான். பாவம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், வடிவு, அக்கா வந்திருக்கா, கழுத்து பிடிச்சிருக்காம், தடவி விடு என்று சொன்னாரே, அந்தத் தடவி விடு என்கிற சொல், காப்பி போடு என்பது மாதிரி, கதவைச் சாத்து என்பது மாதிரி, அதுதான் நேராகப் போய் அந்தக் கட்டைவிரல் இடத்தில் குத்தியது. எண்ணெய் புகைய ஆரம்பித்துவிட்டது. அடுப்பை அணைத்தேன்.

என் வலியைப் பற்றி இவரிடம் கேட்டால் வாயு என்பார். முதுகு வலித்தால் வாயு, மூச்சு பிடித்தால் வாயு, பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதுவும் வாயு. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு வாயுவைப் பற்றி இவ்வளவு தெரிந்திருப்பது ஆச்சரியம்தான். உருளைக்கிழங்கை நிறுத்தினேன், வாழைக்காயை நிறுத்தினேன், மொச்சையை நிறுத்தினேன், கடலைப்பருப்பை நிறுத்தினேன், கடைசியில் நான் சாப்பிடுவதற்கு என்று மிச்சமிருந்தது பாலில் வேகவைத்த பூண்டுதான், அதைத் தின்று தின்று என் தலைமுடிக்கே பூண்டு வாடை வந்துவிட்டது, வலி மட்டும் பத்தியம் எதுவும் இல்லாமல் நன்றாகக் கொழுத்தது. அம்மாவுக்கும் வாயு என்றுதான் சொன்னார்கள். முதுகு வலிக்கி முதுகு வலிக்கி என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சோடா வாங்கிவரச் சொன்னார்கள், ஓர் ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சுற்றி நின்று அந்த ஏப்பத்துக்காகக் காத்திருந்தார்கள், அம்மா ஏப்பம் விடாமலே போய்விட்டாள். மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது. அதனால் எனக்குப் பயம் உண்டு, உண்டு என்று வெளியே சொல்வதில்லை, குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கிறேன், அவ்வளவுதான். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. அந்த ஒன்றுமில்லையைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. அதற்கப்புறம் நான் முதுகில் கை வைத்தால் போதும், ஒண்ணுமில்லன்னுதானே வந்துச்சு என்கிறார் இவர், தாள் சொன்ன பிறகு வலிக்கு வலிக்க அதிகாரமில்லை என்கிற மாதிரி. நான் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, சூடு பொறுக்குமா என்று மணிக்கட்டில் தொட்டுப் பார்த்தேன். குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவர்களும் இப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்கள்.

எலும்பு டாக்டர் அனுப்பிவைத்த பிசியோதெரபிப் பெண் நல்ல பெண், கை சின்னது, ஆனால் தேடாமலே நேராக அந்த இடத்தில் விரலை வைத்தாள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியால் இல்லை, அந்த இடம் இருக்கிறது என்று இன்னொரு விரலுக்கும் தெரிந்துவிட்டதே என்றுதான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். வீட்டில்தான் என்றேன். நீங்கள் வருசக்கணக்காகத் தோளை முன்னால் குறுக்கியே நின்றிருக்கிறீர்கள், எதையோ மறைக்கிறவர்கள் மாதிரி, நிமிர்ந்து பழகுங்கள் என்றாள். சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு பந்தை வைத்து அழுத்தி உருட்டச் சொன்னாள், பந்து வாங்கினேன், இவர் பார்த்துவிட்டு, பேரன் வாரதுக்கு முந்தியே பந்து விளையாட ஆரம்பிச்சிட்டா என்று போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண்ணிடம் கிளம்பும்போதுதான் சொன்னேன், நான் சுளுக்கு வழிப்பேன் என்று, எனக்கு இரட்டைப் பிள்ளை, இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் தடவினால் சுளுக்கு இறங்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை, தெருவே வரும் என்று. கட்டைவிரலை அழுத்திக் கீழ்நோக்கி இழுத்துக் காட்டினேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அம்மா, இதை விடாம எதைச் செஞ்சும் பிரயோசனமில்லை, முதல்ல இதை நிறுத்துங்க என்றாள். சரி என்றுதான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தபோது வாசலில் எதிர்வீட்டு மருமகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், உள்ளே வா என்றேன்.

நிறுத்தலாம். யார் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். என்னால் முடியவில்லை, முதுகு வலி, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், இப்போது தெருமுனை மருந்துக்கடையிலேயே அடிக்கிற மருந்தும் ஒட்டுகிற பட்டையும் கிடைக்கிறது. நிறுத்திவிட்டால் என் முதுகுக்கு நல்லது. ஆனால் நிறுத்திவிட்டால் அதோடு சின்னவனும் நின்றுவிடுவான், அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்ல. பெரியவன் குத்தாலிங்கம் கோயம்புத்தூரில் இருக்கிறான், வேலை, பெண்டாட்டி, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிறது. அவனுக்குச் சற்று நேரம் கழித்துப் பிறந்த சின்னவனுக்கு என்று இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஒரு சொல்தான், ரெட்டைப் பிள்ளைக்காரி என்று என்னைக் கூப்பிடுகிறார்களே, அந்த ரெட்டையில் பாதி. பெயர் வைக்கும் முன்னால் போய்விட்டான். போட்டோ கிடையாது. ரேசன் கார்டில் கிடையாது. உறவுக்காரர் கல்யாணத்தில் யாராவது உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், நான் வாயைத் திறக்கும் முன்னால் இவர், ஒரே பையன், கோயம்புத்தூர்ல இருக்கான் என்று முடித்துவிடுவார். சுளுக்கு வந்தால்தான் என் இரண்டாவது பிள்ளை ஊருக்கு ஞாபகம் வருகிறான். அதனால் நான் காத்திருக்கிறேன், சொன்னால் அசிங்கம், யாருக்காவது பிசகட்டும், யாராவது தவறிப் படுக்கட்டும், யாராவது வந்து ரெட்டைப் பிள்ளைக்காரி இருக்காளா என்று வாசலில் நின்று கேட்கட்டும் என்று.

மதினி முந்தானையை இறக்கிக் கழுத்தைக் காட்டினாள். நான் பின்னால் நின்று எண்ணெயைத் தொட்டு வைத்தேன். இறுகிக்கிடந்தது, காதுக்குக் கீழிருந்து தோள் வரைக்கும் ஒரே கயிறு. முதல் தடவை இழுத்தபோது அவள் கழுத்துக்குப் போகவேண்டிய பலம் என் முதுகிலிருந்து கிளம்பிப் போவது எனக்கே தெரிந்தது, அந்தக் கட்டைவிரல் இடம் பளிச்சென்று எரிந்தது. மெல்ல, மெல்ல என்றாள். மெல்லத்தான் தடவுகிறேன். மதினி பேச ஆரம்பித்துவிட்டாள், பந்தல்காரன் முன்பணம் வாங்கிக்கொண்டு வரவில்லை, சம்பந்தி வீட்டில் சீர்த்தட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், எனக்குக் காதில் பாதிதான் விழுந்தது. இவள் கழுத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. அதை நான் பிரசவத்துக்குப் படுத்திருந்த பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், கட்டில் ஓரமாக எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமியாரோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியவேண்டாம், பால் வத்திரும் என்றாள், எனக்குக் கேட்டது, நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த மச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை மூடிக்கொண்டும் அது தெரிந்தது. சின்னவனை என் கண்ணில் காட்டவில்லை. இவர்தான் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். எங்கே வைத்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தத் துண்டு அப்படியே இருக்கிறது.

பால் வற்றவில்லை. அதுதான் வேடிக்கை. இரண்டு பேருக்கும் என்று ஊறிய பால், ஒருவன் வரமாட்டான் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பெரியவன் சவலை, ஒரு பக்கம் குடித்துவிட்டுத் தூங்கிப்போவான், இடது பக்கம் கட்டிக்கொண்டு கல்லாகும், வீட்டில் மனிதர்கள் வந்துபோகும் நேரத்தில் ரவிக்கை நனைந்துவிடும், மாமனார் கூடத்தில் இருப்பார், இவருடைய தம்பிமார் இருப்பார்கள், நான் இடது தோளை முன்னால் வளைத்துக் குறுக்கிக்கொண்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்தேன். மாமியார் மல்லிகைப்பூவைச் சரம் சரமாக வாங்கி அந்தப் பக்கம் மட்டும் வைத்துக் கட்டினாள், பால் வற்ற அதுதான் வைத்தியம், தலையில் வைக்கவேண்டிய பூவை நெஞ்சில் கட்டிக்கொண்டு வாட வாட மாற்றிக்கொண்டு கிடந்தேன், இன்றைக்கும் யாராவது மல்லிகை நீட்டினால் எனக்குத் தும்மல் வரும் என்று பொய் சொல்லி வாங்குவதில்லை. கடைசியில் பால் வற்றிவிட்டது. தோள் நிமிரவில்லை. எதையோ மறைக்கிறவர்கள் மாதிரி என்றாளே அந்தச் சின்னப்பெண், ஆமாம் கண்ணு, ஈரத்தை மறைத்தேன்.

நான் சுளுக்கு வழிக்கிறவள் ஆனதும் அந்த வருசமேதான். பக்கத்து வீட்டில் யாருக்கோ கால் பிசகிவிட்டது, வடிவைக் கூப்பிடலாமா என்று ஒருத்தி கேட்க, ஒன்றுதானே இருக்கிறது, பலிக்குமா என்று இன்னொருத்தி சந்தேகப்பட, மாமியார்தான் தீர்ப்புச் சொன்னாள், பெத்தது ரெண்டு, இருக்கிறது எத்தனைன்னா கேக்கு சுளுக்கு என்று. அப்படி எனக்குக் கைராசி வந்தது. யாரும் காசு கொடுக்கக் கூடாது, நானும் வாங்கக் கூடாது, தடவி முடிந்ததும் போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விடவேண்டும், சொன்னால் சுளுக்குத் திரும்ப வந்துவிடுமாம். சாவு வீட்டிலிருந்தும் அப்படித்தான் போவார்கள். எத்தனை பேர் என் வாசலிலிருந்து அப்படிச் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறார்கள், நான் ஒவ்வொரு முறையும் சின்னவனுக்குத் துக்கம் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வேன். வேறு யார் கேட்டார்கள்.

இத்தனை நாள் இது ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஓடட்டும் என்று நானும் இருந்தேன், இன்று காலை அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் இன்னமும் ஓடியிருக்கும். பெரியவன் லிங்கம்தான் பேசினான், ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. மருமகளுக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறார்கள், குடும்பத்தில் இரட்டைப் பிள்ளை உண்டா என்று டாக்டரம்மா கேட்கிறார், என்னப்பா சொல்ல என்றான். அவனுக்குத் தெரியாததா, இந்தத் தெருவில் வளர்ந்தவன், ஆனாலும் அப்பாவிடம் உத்தரவு கேட்கிறான். நான் போனுக்குக் கை நீட்டினேன். இவர் எனக்குத் தோளைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அப்படியெல்லாம் நம்ம குடும்பத்துல கெடையாதுன்னு சொல்லிரு, புள்ளத்தாச்சிகிட்டப் போயி எதுக்கு அபசகுனமா என்றார். சரிப்பா என்றான் லிங்கம். அவ்வளவுதான், போன் வைத்தாகிவிட்டது, கோயம்புத்தூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் இல்லை என்று எழுதியிருப்பார்கள். ஒன்றுமில்லை என்று முதுகுக்கு ஒரு தாள், இல்லை என்று சின்னவனுக்கு ஒரு தாள். அபசகுனம். பத்து மாதம் ஒரே வயிற்றில் அண்ணனோடு கிடந்தவன் அபசகுனம். அதைச் சொன்ன வாய்தான் மத்தியானம் தடவி விடு என்றது. காலையில் இல்லாதவன் மத்தியானம் அக்கா கழுத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தான். இதையே நினைத்துக்கொண்டு தடவுகிறேன், இழுக்க இழுக்க நினைப்பும் அதே இடத்துக்கு வருகிறது, வலியும் அதே இடத்துக்கு வருகிறது, ஒன்றை ஒன்று கூட்டிக்கொண்டு வருகிறதோ என்னவோ.

மதினி அதற்குள் என் மருமகள் விசயத்துக்கு வந்துவிட்டாள். நல்லபடியாகப் பிறக்கட்டும் என்றாள், லிங்கம் ஒற்றையாக வளர்ந்த பிள்ளை, அவனுக்காவது இரண்டு மூன்று வேண்டும் என்றாள். என் கட்டைவிரல் அவள் கழுத்தில் பாதி வழியில் நின்றது. நான் யோசித்துக் கேட்டேன் என்று சொல்லமுடியாது, வாயில் வந்துவிட்டது.

"மதினி, எனக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இதென்னட்டி கேள்வி? ஒண்ணு."

கையை எடுத்துவிட்டேன். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். மதினிக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை, கழுத்து வரவில்லை, நாற்காலியோடு சேர்ந்து உடம்பையே திருப்பினாள், முகம் சாய்ந்தபடி என்னைக் கீழிருந்து பார்த்தது.

"ஒத்தப் பிள்ளைக்காரி தடவுனா இறங்காது மதினி. வேற யாரையாவது பாருங்க."

அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. புரிந்துகொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது, வெட்கமா கோபமா என்று எனக்கு நிதானிக்க முடியவில்லை, அவளும் அன்றைக்கு அந்தக் கட்டில் ஓரத்தில் இருந்தவள்தானே. ரெண்டுதாம்ட்டி, யாரு இல்லன்னா, ரெண்டுதான், வந்து கையை வை என்றாள் கெஞ்சுகிற குரலில். என்னிடம் சொல்ல வேண்டாம், உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள் என்றேன், காலையில் மகனிடம் கிடையாது என்று சொன்னார், அவரே போன் போட்டு உண்டு என்று சொன்னால் தடவுகிறேன். மதினி ஏல பிரமு என்று ஒரு சத்தம் போட்டாள், ஓய்வு பெற்ற காசாளர் பிரமநாயகம் பிள்ளை, சின்னப்பையன் மாதிரி எழுந்து வந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு, இவளுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு என்றார். கிறுக்கோ என்னவோ, எனக்கு நாளைக்குக் கழுத்து நிமிரணும், போனைப் போடுல என்றாள் அக்கா. அவர் என்னைப் பார்த்தார், அக்காவின் கோணல் கழுத்தைப் பார்த்தார், அந்தக் கழுத்துதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. போட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, லிங்கம், அந்த டாக்டர்கிட்ட மாத்திச் சொல்லிரு, உண்டுன்னு, நீங்க ரெண்டு பேருன்னு என்றார். அந்தப் பக்கம் லிங்கம் என்ன சொன்னானோ. நீங்க ரெண்டு பேரு. அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து இவர் வாயில் நான் கேட்காத வார்த்தை, அக்காவின் சுளுக்குக்காக வந்தது, எனக்காக வரவில்லை, சின்னவனுக்காகவும் வரவில்லை. பரவாயில்லை, வந்துவிட்டது, வந்ததை நான் திருப்பி அனுப்பப்போவதில்லை.

பிறகு தடவினேன். இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுத் தடவினேன், காதுக்குக் கீழிருந்து தோள் வரைக்கும், கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது, என் முதுகில் அந்த இடம் எரிந்து, எரிச்சல் கைக்கு இறங்கி, விரல் மரத்துப்போனது, நான் நிறுத்தவில்லை. மதினி கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் போனவள் ஒரு கணம் நின்றாள், என்னவோ சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன், வழக்கத்தை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். இவர் பழையபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். கிண்ணத்தில் இன்னும் எண்ணெய் இருந்தது, ஆறிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு போய் இவருக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

"எனக்குக் கொஞ்சம் தடவி விடுங்க. இங்க. கை எட்டல."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லேசாகச் சிரித்தார், காலையிலிருந்து நடந்ததெல்லாம் அந்தச் சிரிப்போடு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

"நானென்ன ரெட்டைப் பிள்ளை பெத்தவனா?"

"ஆமா" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் அவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டேன், முந்தானையை விலக்கினேன், வளைந்த இடது தோளைப் பின்னால் இழுத்து முடிந்தவரைக்கும் நிமிர்ந்தேன், வலித்தது. இனி அவர் முகம் எனக்குத் தெரியாது. டிவியை நிறுத்தினார், அது காதில் விழுந்தது. எண்ணெய்க் கிண்ணம் நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை, நாற்காலி கிரீச்சிட்டது, எழுந்து வெளியே போகிறார் என்றுதான் நினைத்தேன், அவர் எங்கும் போகவில்லை, எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையை வைக்காமல், யாரிடமோ வழி சொல்கிற குரலில், ஆத்தங்கரையில வச்சேன், நாவல் மரத்துக்குக் கிழக்கே என்றார்.